என் பெயரில் ஒரு விமானக் கம்பெனி

கள்ளக்குறிச்சி
12 ஜூன் 2025

செவ்வந்தி,

உன் போனுக்கு அடித்து அடித்து அலுத்துவிட்டது. வெள்ளிமலை பஸ் டிரைவரிடம் விசாரித்தேன். "டவர்ல இடி வுழுந்துடுச்சி மேடம். சாமான் வரணும், ஆளு வரணும், இன்னா பண்றது" என்றார். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் பேனாவைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம்முடைய நீலகேது ஏரோவுக்கு ஒப்பந்தம் கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டதா, கிடைக்கப்போகிறதா என்பதில்தான் இங்கே சண்டை.

நேற்று காலை ரத்த டெஸ்டுக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு வெங்கடேசன் சாரும் குமாரும் வழக்கம்போல என் லேபில் வந்து உட்கார்ந்தார்கள். சாரை உனக்குத் தெரியும், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். குமார், பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறானே, அவன். வந்ததும் வராததுமாக போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்க மேடம். விமானப்படையோட பழைய சரக்கு விமானத்தயெல்லாம் பிரிச்சி, ஒயரு, சக்கரம், இறக்கை எல்லாம் புதுசா மாத்திக் குடுக்கற வேலை. நம்ம நீலகேதுக்குத்தான். இன்னிக்கே ஷேரு பறக்கும்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "கீழ இன்னா போட்ருக்கான், அதப் படி. டெண்டர்ல குறைஞ்ச விலை கேட்டவங்கன்னுதான் இருக்குது. கையெழுத்து எங்கடா ஆயிருக்குது? பொண்ணு பாத்துட்டு வந்தவுடனே கொழந்தைக்குப் பேரு வெக்கறியே."

"அப்போ ஷேரு ஏன் சார் ஏறிக்கினே இருக்குது?"

"அதான் எனக்கும் புரியல."

எனக்கும் புரியவில்லை. இதே ஒப்பந்தத்தைப் போன வருஷமும் ஒருமுறை அறிவித்தார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. கம்பெனி அறிக்கையில் விமானங்களுக்கு ஒரு எண்ணிக்கை, பேப்பரில் வேறொரு எண்ணிக்கை. ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்கிறார்களா, இல்லை உண்மையிலேயே இரண்டு மாடு இருக்கிறதா, தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு குதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

உன் பெயரில் வாங்கியதும் என் பெயரில் வாங்கியதும் சமம்தான். ஏறினால் இருவருக்கும் ஏறும். தமிழரசன் விமானப்படையில் இருப்பதால்தான் எனக்கு இந்தக் கம்பெனியின் மேலேயே கண் போனது. உன் பிள்ளை ஏறுகிற விமானத்தில் நமக்கும் ஒரு துளி பங்கு இருக்கட்டுமே என்று ஒரு ஆசை.

உன் வீட்டுக்காரர் சின்னதுரையைக் கேட்டதாகச் சொல். மரவள்ளி என்ன விலை போகிறது?

நிர்மலா


வெள்ளிமலை
19 ஜூன் 2025

அன்புள்ள நிர்மலா அக்காவுக்கு,

கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை அக்கா. கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். என் பெயரில் வாங்கியது என்றால் என்ன?

என் சேமிப்பை நீங்கள் ஏதோ ஃபண்டில் போட்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில் நீங்கள் போன் செய்தபோது நான் பிரசவ அறையில் டூட்டியில் இருந்தேன். ஒரு பக்கம் குழந்தை அழுகிறது, இன்னொரு பக்கம் அதன் பாட்டி அழுகிறாள். நீங்கள் ஏரோ என்று சொன்னது எனக்கு ஏரி என்றுதான் கேட்டது. வடக்கனந்தல் பக்கம் ஏரிக்கரையில் ஏதோ மனை பார்க்கிறீர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்க்கா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், தமிழு போன மாதக் கடைசியில் பேசினான். டவர் போவதற்குக் கொஞ்சம் முன்னால். அப்போதே வீட்டில் சரியாகக் கேட்காது, மலைப்பாதை வளைவில் போய் நின்றுதான் பேசவேண்டும். காற்று வேறு.

"அம்மா, உன் பேர்லயோ அப்பா பேர்லயோ எதாச்சும் கம்பெனி ஷேரு இருக்குதா?" என்று கேட்டான்.

"நமக்கு இன்னாடா ஷேரு? ஷேர் ஆட்டோல போறதோட சரி" என்றேன்.

சிரித்தான். "அப்போ இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றான்.

அவனை ஒரு தனியார் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்களாம். ஓசூர்ப் பக்கம். விமானப்படைக்கு அந்தக் கம்பெனி திருப்பிக் கொடுக்கும் விமானத்தைச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற குழுவில் இவனும் ஒருத்தன். வீட்டில் யாருக்கும் அந்தக் கம்பெனியில் பங்கு இருக்கக் கூடாது, இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று விதியாம். கம்பெனி பேரையும் சொன்னான். காற்றில் போய்விட்டது. நீ என்று ஆரம்பித்ததா, நே என்று ஆரம்பித்ததா, சத்தியமாக எனக்கு நினைவில்லை.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர், "அப்போ ஒரு சக்கரமாச்சும் நம்மளுதா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அது இந்தக் கம்பெனிதானா அக்கா? இல்லை என்று எழுதுங்கள்.

செவ்வந்தி


கள்ளக்குறிச்சி
24 ஜூன் 2025

செவ்வந்தி,

முதலில் ஒன்று. நான் உன்னிடம் கேட்காமல் எதையும் செய்யவில்லை. ஏப்ரலில் சொன்னேன், நீ சரி என்றாய். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணுக்காக உன் பழைய போனை நீதான் சிம்மோடு என்னிடம் கொடுத்துவைத்தாய். "மலையில சிக்னல் இல்ல, நீங்களே பாத்துக்குங்க" என்று சொன்னது நீதான். ஏரி என்று உன் காதில் விழுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

சரி, அதை விடு.

அது நீலகேதுதானா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. சாரிடம் யோசனை கேட்டேன். ஓசூர்ப் பக்கம் இந்த வேலை செய்கிற கம்பெனி இரண்டு இருக்கிறது என்கிறார். குமாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "ரெண்டாவது கம்பெனிக்கு இன்னும் ஒரு விமானங்கூட போய்ச் சேரல சார். பார்த்து வாங்கற ஆளுங்க போயிருக்காங்கன்னா அது நம்மளுதுதான்" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உன்னுடையதை உடனே விற்றுவிடலாம் என்றேன். சார் தலையை ஆட்டினார்.

"இல்லன்னு எழுதிக் குடுத்தப்புறம் வித்தா, மறைச்சிட்டு வித்த மாதிரி ஆவும். அதுவுமில்லாம, பையன் உள்ள இருக்கச்சே அம்மா விக்கறாங்கன்னா, அவன் எதையோ சொல்லித்தான் விக்கறாங்கன்னு கேப்பான்."

"அப்போ வெச்சிக்கலாமா?"

"வெச்சிக்கினா பொய் அப்படியே நிக்குது."

"அப்போ இன்னாதான் சார் பண்றது?"

"அதான் தெரியலையே அம்மா" என்று மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, அது இப்போது நிச்சயம். முதல் விமானத்தை மட்டும் மாதிரிக்கு என்று முன்னாலேயே கொடுத்துவைத்திருந்தார்களாம். ஆனால் சொன்ன தேதிக்குள் விமானத்தைக் கொடுக்காவிட்டால் அபராதம் என்று ஒரு நிபந்தனை இருக்கிறதாம். வெளிநாட்டிலிருந்து ஏதோ பாகம் வரவில்லை, அதனால் முதல் விமானமே தள்ளிப்போகும் என்று ஒருவன் எழுதுகிறான். எல்லாம் வந்தாயிற்று, பறக்கவிட்டுப் பார்த்தாயிற்று என்று இன்னொருவன் எழுதுகிறான். இருவருமே அந்தக் கம்பெனியின் வாசலைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். நாங்களும்தான்.

இப்போதைக்குத் தமிழரசனிடம் எதுவும் சொல்லாதே. நான் முழுசாக விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்னொன்று. அந்த விமானங்களைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா? நன்றாக வந்திருக்கிறது என்றோ, இல்லை என்றோ? நீயாகக் கேட்கவேண்டாம். அவனே சொல்லியிருந்தால் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நிர்மலா


வெள்ளிமலை
2 ஜூலை 2025

நிர்மலா அக்காவுக்கு,

தமிழுவிடம் சொல்லிவிட்டேன்.

வளைவில் இப்போது சிக்னல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் வரை இறங்கிப் போய்ப் பேசினேன். அங்கிருந்து உங்கள் லேப் எவ்வளவு தூரம்? வரவேண்டும் என்று தோன்றவில்லை.

கம்பெனி பேர் என்ன என்று கேட்டேன். நீலகேது என்றான். "ஏம்மா?" என்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, ஏரோ, நீங்கள், உங்கள் மேஜையில் இருக்கிற என் போன், எல்லாம். லைன் கட்டாகிவிட்டதோ என்று "தமிழு, தமிழு" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கேம்மா" என்றான். "நான் எழுதிக் குடுத்துட்டேனேம்மா."

"தெரியாம சொல்லிட்டேன்டா."

"உன்ன சொல்லல. நான் இன்னொருவாட்டி கேட்ருக்கணும். ஆபீசர்கிட்ட நானே போய் சொல்லிடறேன்."

"சொன்னா இன்னா பண்ணுவாங்க?"

"தெரியலம்மா."

ஜெயிலா, வேலை போகுமா, திட்டி விட்டுவிடுவார்களா? யாரைக் கேட்பது அக்கா? இந்த மலையிலிருந்து விமானப்படைக்குப் போன பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ரயிலையே சின்னசேலத்தில்தான் முதன்முதலில் பார்த்தவன் அவன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சும்மா தெரிந்துகொள்ளவா? நீங்கள் சும்மா கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தேன். மே மாதம் எல்லையில் சண்டை நடந்ததே, அப்போது தமிழு வடக்கே இருந்தான். போன் எடுக்கவில்லை. நான் ஊசி போடப்போய் யார் கை, எந்தக் கை என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அந்த வாரம் நீங்கள் பேசினீர்கள். தமிழு எப்படி இருக்கிறான் என்று கேட்டீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "நம்மது நல்லா ஏறுது செவ்வந்தி" என்றீர்கள். எது ஏறுகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

என்னுடையதை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கை வைக்காதீர்கள். எனக்கு எழுதவும் வேண்டாம்.

செவ்வந்தி


கள்ளக்குறிச்சி
21 ஜூலை 2025

செவ்வந்தி,

எழுதவேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ வேறு யாராவது சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

போன வாரம் நீலகேது ஒரே நாளில் விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரண விழுகை இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. காலாண்டுக் கணக்கு சரியில்லை என்றார்கள். பெரிய முதலீட்டாளர் ஒருவர் வெளியே போய்விட்டார் என்றார்கள். இங்கே கள்ளக்குறிச்சியில் மட்டும் வேறு ஒரு காரணம் சுற்றுகிறது. "விமானப்படைக்காரன் ஒருத்தன் நம்ம மலைக்காரப் பையன், அவன் வூட்டுலயே இன்னா பண்றதுன்னு பேசிக்கினு இருக்காங்க, விமானம் சரியில்லையாம்." குமார் தன் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். பெயர் போடவில்லை. ஆனால் மலையிலிருந்து விமானப்படைக்குப் போனவன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா?

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் இன்னா பொய்யா சொன்னேன்? நீங்கதான மேடம் விக்கலாமான்னு சாரைக் கேட்டீங்க? சும்மாவா கேப்பீங்க?" என்கிறான். விமானம் சரியில்லை என்று யாரடா சொன்னது என்றால், "அதுதான அர்த்தம்?" என்கிறான். நான் உன் பிள்ளைக்காகப் பயந்து கேட்டது அவன் காதில் அப்படி விழுந்திருக்கிறது. உன் காதில் ஏரி விழுந்த மாதிரிதான் என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன். நீ சிரிக்கிற நிலையில் இருக்கமாட்டாய்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து கந்தசாமி என்று ஒரு கரும்பு விவசாயி லேபுக்கே வந்துவிட்டார். குமாரின் பேச்சைக் கேட்டு வாங்கி, குமாரின் பேச்சைக் கேட்டே விற்றவர். ரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் கத்தினார். "இன்னாமா, விமானம் பறக்குதா, பறக்கலையா? ஒண்ணு சொல்லுங்க!" எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாமத்தான் எல்லாரும் வாங்கிக்கினு இருந்தீங்களா?" என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நான் எதையும் விற்கவில்லை. என்னுடையதையும் இல்லை, உன்னுடையதையும் இல்லை. இது நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்றும் தெரியவில்லை.

மே மாதத்தைப் பற்றி நீ எழுதியது உண்மை. அந்தத் துள்ளல் எனக்கே இப்போது காதில் கேட்கிறது. நான் அந்த நாட்களில் டிவியையும் விலையையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

தமிழரசனைப் பற்றி ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

நிர்மலா


வெள்ளிமலை
18 ஆகஸ்ட் 2025

நிர்மலா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அவர்தான், "பிரிச்சித்தான் பாரேன், உள்ள இருக்கறது வெளிய வந்து கடிக்கவா போவுது" என்றார்.

தமிழு பேசவே இல்லை. ஜூலை முழுக்க இல்லை. டவர் சரியானதும் ஒவ்வொரு நாளும் நானே அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறது என்றே வந்தது. விசாரணை நடக்கிறதா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் நான் ஒரு புதுப் பழக்கத்தில் விழுந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. புற நோயாளிச் சீட்டு எழுதும் பெண் மீனாவின் போனில் நீலகேதுவின் விலையைப் பார்க்கத் தொடங்கினேன். அவன் எப்படி இருக்கிறான் என்று அதில் தெரியும் என்பதுபோல. ஏறினால், எங்கோ சண்டை வரப்போகிறது, அதனால்தான் ஏறுகிறது என்று பயம். இறங்கினால், விமானத்தில் ஏதோ கோளாறு, அதில் இவன் இருந்திருப்பானோ என்று பயம். எப்படிப் போனாலும் எனக்கு நல்ல நாள் இல்லை. சுளுக்குக்கு வந்தவரை நிற்க வைத்துவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா.

போன வியாழக்கிழமை அவனே கூப்பிட்டான். விசாரணை முடிந்துவிட்டது. அவனாகவே போய்ச் சொன்னதால் பெரிய தண்டனை இல்லை. எச்சரிக்கை கொடுத்து, அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வடக்கே பழைய இடத்துக்கே திரும்பிவிட்டான். பதவி உயர்வு தள்ளிப்போகும். ஊரில் பரவிய பேச்சும் அவன் காதுக்குப் போயிருக்கிறது. அவன் கூடவே இருக்கும் சேலத்துப் பையனுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "நான் விமானம் சரியில்லன்னு யார்கிட்டமா சொன்னேன்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டான். தான் எங்கேயாவது வாய்தவறிச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டிருக்கிறது.

"நீ சொல்லல. நாங்களே பேசிக்கினோம்" என்றேன்.

பங்கை என்ன செய்வது என்று கேட்டேன். இனி அவன் அந்தக் குழுவில் இல்லை, அதனால் வைத்திருந்தாலும் தப்பில்லை, விற்றாலும் தப்பில்லையாம். "எதுன்னாலும் பண்ணும்மா. எனக்கு மட்டும் சொல்லாத" என்றான்.

இவ்வளவு நாள் நாம் பட்ட பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வைத்திருப்பதே தப்பு என்று நினைத்தோம், விற்பதே தப்பு என்று நினைத்தோம். இரண்டும் தப்பில்லையாம். சொல்லாததுதான் தப்பு.

என்னுடையதை விற்றுவிடுங்கள். ஏறுமா இறங்குமா என்று பார்க்க வேண்டாம். இந்தக் கடிதம் வந்த மறுநாளே விற்றுவிட்டு, விற்றேன் என்று எழுதுங்கள். உங்களுடையது உங்கள் விருப்பம்.

செவ்வந்தி


கள்ளக்குறிச்சி
9 செப்டம்பர் 2025

செவ்வந்தி,

விற்றுவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் காலை, சந்தை திறந்ததும். நாம் வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கீழேதான். அந்தக் கொஞ்சத்தை நான் தருகிறேன் என்று சொன்னால் நீ திட்டுவாய், அதனால் சொல்லவில்லை. பணம் உன் கணக்குக்கு வந்துவிட்டது. உன் போனை டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடே கொடுத்தனுப்புகிறேன். இனி எதுவானாலும் நீயே கையெழுத்துப் போடு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

டவர் சரியாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போன் செய்யக் கை வரவில்லை. குரலில் மறுபடி ஏதாவது துள்ளிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

நீ விற்ற பிறகு நடந்தது ஒன்று. நேற்று பேப்பரில் படம் வந்திருந்தது, பார்த்திருப்பாயோ என்னவோ. நீலகேது முதல் விமானத்தை விமானப்படையிடம் ஒப்படைத்துவிட்டது. ஓடுபாதையில் நிற்கிறது, பளபளவென்று, கழுத்தில் மாலை போட்டு. அபராதமும் இல்லை, கோளாறும் இல்லை. நம்மூர் வதந்தியெல்லாம் வெறும் காற்று. சரி, இன்றைக்கு ஏறும் என்று உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கும் இறங்கியது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒப்பந்தம் வந்தா ஏறுச்சி. விமானம் வந்தா இறங்குது. நான் முப்பது வருஷம் பேங்க்ல இன்னாத்த பாத்தேன்னே தெரியலம்மா" என்றார். குமார் வருவதில்லை. கந்தசாமி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார், சர்க்கரை ஏறியிருந்தது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

என்னுடையது அப்படியே இருக்கிறது. விற்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. எந்தக் காரணத்துக்காக வாங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். உன் பிள்ளைக்காக என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. எந்த அளவுக்கு எது என்று பிரித்துச் சொல்ல, ரத்தத்தைப் பிரிப்பதுபோல ஒரு மெஷின் இருந்தால் நன்றாக இருக்கும்.

தமிழரசன் எப்போது லீவில் வருவான்? வரும்போது நான் மலைக்கு வரலாமா? வராதே என்றாலும் புரிந்துகொள்வேன்.

நிர்மலா


வெள்ளிமலை
20 செப்டம்பர் 2025

அன்புள்ள நிர்மலா அக்கா,

போன் வந்தது. பணமும் வந்தது. நீங்கள் விற்றேன் என்று எழுதியிருக்காவிட்டால் இப்போது சொல்லப்போவதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். பேப்பரிலும் படம் வந்துவிட்டது, இனி சொன்னால் யாருக்கும் எந்தக் கணக்கும் மாறாது என்று இவரும் சொல்கிறார். அப்படியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் இதிலிருந்து எந்த அர்த்தமும் எடுக்காதீர்கள்.

அந்தப் படத்தில் இருந்த விமானம் தமிழு இருக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கிறது. வந்து சேர்ந்த சில நாளிலேயே அதில் சாமான் ஏற்றி மலைப்பக்கம் ஒரு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடப் போகவேண்டிய டெக்னீஷியனுக்குக் காய்ச்சல். தமிழுவைக் கூப்பிட்டார்கள். எந்த விமானத்தைப் பார்த்து வாங்கக் கூடாது என்று அவனை வெளியே அனுப்பினார்களோ, அதே விமானம்.

ஏறுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தான். எதில் போகிறேன் என்று சொல்லவில்லை. "சாப்டியா?" என்றான். "சாப்டேன்" என்றேன். "அப்பா?" என்றான். "கொல்லையில சாமை பாத்துக்கினு இருக்காரு" என்றேன். வைத்துவிட்டான்.

மறுநாள் பகல் மறுபடியும் பேசினான். அப்போதுதான் சொன்னான். நோயாளிகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக எல்லாரும் கேட்ட கேள்வி, நீங்கள் கேட்டது, குமார் கேட்டது, கரும்புக்காரர் உங்கள் லேபில் கத்திக் கேட்டது, அது என் வாய் வரைக்கும் வந்தது. விமானம் எப்படிடா இருந்தது? அவன் சொல்லியிருப்பான். இப்போது அவன் சொல்லலாம், அவனைத் தடுக்க ஒன்றும் இல்லை.

நான் கேட்கவில்லை அக்கா.

"பயமா இருந்துச்சா?" என்றுதான் கேட்டேன்.

"கெளம்பறப்போ இருந்துச்சிம்மா" என்றான். "மேல போனதும் வேலை சரியா இருந்துச்சி, ஒண்ணும் தோணல. எறங்கறப்போ சக்கரம் தரையில படற சத்தம் கேட்டுச்சி பாரு, அப்போ உன்ன நெனச்சிக்கினேன்."

அதற்குள் சீட்டோடு ஒருவர் வந்து நின்றார், போனை வைத்துவிட்டு ஊசி போடப் போனேன்.

தீபாவளிக்கு லீவு கிடைத்திருக்கிறது. முன்தினம் வருகிறான். நீங்களும் அன்றைக்கே வாருங்கள், காலை பஸ்ஸில் வந்தால் இடம் கிடைக்கும். அவன் உங்கள் மேல் கோபமாக இருக்கிறானா என்று கேட்டுப் பார்த்தேன். "நிர்மலா பெரிம்மாவா? அவங்க வந்தா வூட்ல கறி ஜாஸ்தி எடுக்கணுமே" என்றான். இது கோபமா, கோபம் இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி